அகச்சிவப்பு நுண்ணோக்கியில் படம் கெடும்போது: அறிகுறி வழியாகப் பிழை தேடுதல்

எஃப்.டி.ஐ.ஆர். (ஃபூரியர் மாற்ற அகச்சிவப்பு) நுண்ணோக்கியில் எடுத்த வேதியியல் படம், அதாவது எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டும் படம், சரியாக வரவில்லை என்றால், பெரும்பாலோர் முதலில் மென்பொருளில் இருக்கும் அடிக்கோட்டுத் திருத்தத்தையோ இரைச்சல் நீக்கத்தையோதான் நாடுகிறார்கள். பழுதைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. திரையில் தெரியும் உட்கவர் படம் என்பது, மாதிரி வழியே வந்த ஒளியைப் பின்னணி ஒளியால் வகுத்துக் கிடைக்கும் விகிதம். ஒளிப்பாதையில் பாதி ஒளி தொலைந்திருந்தாலும், இரண்டு அளவீடுகளிலும் அது ஒரே விகிதத்தில் தொலைந்திருந்தால், முகடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும், இரைச்சல் மட்டும் கூடியிருக்கும். ஆகவே எந்த அறிகுறியானாலும், வகுப்பதற்கு முந்தைய சிங்கிள் பீம் நிறமாலையைத் திறந்து, கருவி நல்ல நிலையில் இருந்தபோது சேமித்து வைத்த பழைய சிங்கிள் பீமோடு ஒப்பிடுவதே முதல் வேலை. அப்படி ஒரு பழைய கோப்பு இல்லாத ஆய்வகம், கருவி நன்றாக ஓடும் ஒரு நாளில் ஒவ்வொரு அப்ஜெக்டிவுக்கும் (மாதிரியின் ஒளியைத் திரட்டும் பகுதி) ஒவ்வோர் அப்பர்ச்சர் (ஒளியை வரையறுக்கும் துளை) அளவுக்கும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒளி போகும் வழியைச் சுருக்கமாக நினைவில் கொண்டால் மற்றவை எளிது. சூடான சிலிக்கன் கார்பைடு தண்டிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளி, தன்னை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்க்கும் குறுக்கீட்டுமானியைக் கடந்து, கண்டென்சரால் மாதிரியின் மேல் குவிக்கப்பட்டு, மாதிரியை ஊடுருவி, அப்ஜெக்டிவால் திரட்டப்பட்டு, டிடெக்டரில் விழுகிறது. சாதாரணக் கண்ணாடி நடு அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதால், கண்டென்சரிலும் அப்ஜெக்டிவிலும் வில்லைகளுக்குப் பதிலாக ஆடிகள் இருக்கின்றன: நடுவில் சிறிய குவியாடி ஒன்று, அதன் எதிரே நடுத்துளையுள்ள பெரிய குழியாடி ஒன்று. கார்ல் ஸ்வார்ஸ்ஷில்டு 1905-இல் தொலைநோக்கிக்காக எழுதிய இரட்டை ஆடிக் கணக்கின் வழித்தோன்றல் இது. ஆடிக்கு நிறம் தெரியாது. எல்லா அலைநீளமும் ஒரே இடத்தில் குவியும். அதனால்தான் கண்ணால் பார்த்துக் குவியம் வைத்தாலே அகச்சிவப்பும் குவிந்துவிடும் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கை எப்போது பொய்க்கும் என்பதிலிருந்தே தொடங்கலாம்.

அறிகுறி: கேமரா படம் துல்லியம், அகச்சிவப்புப் படம் மங்கல்

ஆடிக்கு நிறம் தெரியாவிட்டாலும், மாதிரியைத் தாங்கும் சாளரத்துக்குத் தெரியும். 2 மி.மீ. தடிமனுள்ள கால்சியம் ஃப்ளோரைடு தட்டு வழியே மாதிரியைப் பார்ப்பதாகக் கொள்வோம். கண்ணுறு ஒளியில் அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.43, குவியம் ஏறத்தாழ 0.6 மி.மீ. தள்ளிப்போகிறது. புரதங்களின் அமைடு பட்டைகள் விழும் 6 மைக்ரான் அலைநீளத்தில் அந்த எண் 1.39-க்குக் குறைந்துவிடுவதால், தள்ளல் 0.56 மி.மீ. அளவில் நின்றுவிடுகிறது. வேறுபாடு சுமார் 50 மைக்ரான். எண் துளை (ஒளியைத் திரட்டும் கூம்பின் அகலத்தைக் குறிக்கும் எண்) 0.5 உள்ள அப்ஜெக்டிவின் குவிய ஆழம் அதே அலைநீளத்தில் 25 மைக்ரானை ஒட்டியே இருக்கும். ஆக, கண்ணுக்கு ஊசி முனையாகத் தெரியும் குவியம், அகச்சிவப்புக்குக் குவியமே அல்ல. இதற்கு மேல், தட்டு தடிக்கத் தடிக்கக் கோளப் பிறழ்ச்சியும் சேர்ந்துகொள்கிறது.

திருத்தும் வழி இது. சாளரம் மாதிரிக்கு அடியில் மட்டும் இருந்தால் பாதிக்கப்படுவது கண்டென்சர். மேலும் ஒரு மூடுதட்டு இருந்தால் அப்ஜெக்டிவும் சேர்ந்து பாதிக்கப்படும். கண்டென்சரிலோ அப்ஜெக்டிவிலோ ஈடுசெய் வளையம் இருந்தால், அதைத் தட்டின் உண்மையான தடிமனுக்குத் திருப்பி வைக்க வேண்டும். முந்தைய பயனாளர் 1 மி.மீ. பேரியம் ஃப்ளோரைடுக்கு வைத்துவிட்டுப் போன வளையம் அப்படியே கிடப்பது அன்றாடம் காணக்கூடியது. பிறகு அப்பர்ச்சரை 50 மைக்ரானுக்குக் குறுக்கி, தட்டின் வெற்றுப் பகுதியில் இன்டர்ஃபெரோகிராமின் (குறுக்கீட்டுமானி தரும் மூலச் சிக்னல்) நடு முகடு உச்சம் தொடும்வரை கண்டென்சரை மட்டும் மெல்ல ஏற்றி இறக்கவும். அப்ஜெக்டிவின் குவியத்தை மாதிரியின் விளிம்பொன்றில் வைத்து, கண்ணை நம்பாமல், அகச்சிவப்பில் அந்த விளிம்பு எந்த உயரத்தில் கூர்மையாகிறது என்று ஐந்து ஐந்து மைக்ரான் படியாகப் பார்த்துத் தீர்மானிக்கவும். முடியுமானால் மெல்லிய தட்டுக்கு மாறுவது இவை எல்லாவற்றையும்விட நல்லது.

இவ்வளவுக்குப் பின்னும் மங்கல் நீங்கவில்லை என்றால், அது பழுதா இயற்கையின் எல்லையா என்று பிரித்தறிய வேண்டும். எண் துளை 0.5 என்றால், இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் தொலைவு, அலைநீளத்தை 0.61-ஆல் பெருக்கி 0.5-ஆல் வகுத்துக் கிடைப்பது: அலைஎண் (அலைநீளத்தின் தலைகீழ்) 2900 செ.மீ⁻¹-இல் சுமார் 4.2 மைக்ரான், 1650 செ.மீ⁻¹-இல் 7.4 மைக்ரான், 1000 செ.மீ⁻¹-இல் 12.2 மைக்ரான். பிக்சல் அளவை 1 மைக்ரானாகக் குறைத்தாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. விற்பனைக் கையேடுகள் பிக்சல் அளவையே பிரிதிறன்போல் அச்சிடுவதால் பலர் ஏமாறுகிறார்கள். சோதனை எளிது. உலோக விளிம்பு போன்ற கூரான எல்லையொன்றை 2900 செ.மீ⁻¹-இலும் 1100 செ.மீ⁻¹-இலும் படமாக்கி, விளிம்பின் அகலத்தை அளக்கவும். அகலம் அலைநீளத்தோடு சேர்ந்து இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் கூடினால் அது ஒளி அலை தானாகவே வளைந்து பரவும் விளிம்பு விளைவு (டிஃப்ராக்‌ஷன்), அதற்கு மருந்தில்லை; இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அகலமாக இருந்தால் குவியமோ ஈடுசெய் வளையமோ இன்னும் தவறாக இருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் அமெரிக்க விமானப்படைச் சோதனைத் தகட்டில் ஏழாம் தொகுதியின் முதல் உறுப்பில் அடுத்தடுத்த கோடுகளின் மையங்கள் 7.8 மைக்ரான் இடைவெளியில் இருக்கின்றன; 1650 செ.மீ⁻¹ எல்லையைச் சோதிக்க அது பொருத்தமான இடம்.

நெகிழி உறைகளின் குறுக்குவெட்டில் இந்த எல்லை நேரடியாகத் தலைகாட்டும். பாலிஎத்திலீன் அடுக்குகளுக்கு நடுவே 5 மைக்ரான் தடிமனில் வேறொரு பாலிமர் இருந்தால், அதன் நிறமாலையில் பாலிஎத்திலீனின் பட்டைகளும் கலந்தே வரும். அப்ஜெக்டிவின் நடுவில் இருக்கும் சிறிய ஆடி ஒளியின் மையத்தை மறைப்பதால், ஒரு புள்ளியின் ஒளி அதன் சுற்று வளையங்களுக்குக் கூடுதலாகச் சிதறிப்போகிறது. வலுவாக உட்கவரும் துகளுக்கு அருகில் வெற்றிடத்திலும் அதே துகளின் மங்கிய நிறமாலை தெரிவதன் காரணம் இதுதான். ஒற்றை டிடெக்டர் கருவிகளில் மாதிரிக்கு முன்னும் பின்னும் இரு அப்பர்ச்சர்களைப் பயன்படுத்தினால் இந்தக் கசிவு வெகுவாகக் குறையும், ஆனால் ஒளியும் குறையும்.

அறிகுறி: சிக்னல் குறைந்துவிட்டது, அல்லது அடியோடு இல்லை

அடியோடு இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும். கற்றை நுண்ணோக்கிக்குத் திருப்பப்படாமல் முதன்மைக் கருவியின் மாதிரி அறைக்கே போய்க்கொண்டிருக்கலாம். ஊடுருவல் முறை தேர்ந்தெடுத்திருக்க, ஆடி பிரதிபலிப்பு நிலையில் நிற்கலாம். டிடெக்டரில் திரவ நைட்ரஜன் தீர்ந்திருக்கலாம். நைட்ரஜன் ஊற்றியவுடன் அளவெடுக்கத் தொடங்காமல் அரை மணி நேரம் பொறுத்தால் அடிக்கோடு நிலைப்படும்.

குறைந்திருக்கிறது என்றால், எங்கே குறைந்திருக்கிறது என்பதே வழிகாட்டும். பழைய சிங்கிள் பீமையும் புதியதையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முழு வீச்சிலும் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால், கண்டென்சர் மையம் விலகியிருக்கிறது அல்லது அப்பர்ச்சர் இடம் மாறியிருக்கிறது. 4000 செ.மீ⁻¹ பக்கம் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால், குறுக்கீட்டுமானி சீர்குலைந்திருக்கலாம், அல்லது ஈரத்தை உறிஞ்சும் பொட்டாசியம் புரோமைடு கற்றைப் பிரிப்பான் பனிபடர்ந்து மங்கியிருக்கலாம். குறுகிய அலைநீளங்கள்தாம் இத்தகைய குறைகளுக்கு முதலில் பலியாகும். கடலோர ஊர்களில் மழைக்காலம் முடிந்த கையோடு இந்த வடிவம் தென்பட்டால், ஈரம் உறிஞ்சும் பொதிகளின் நிறத்தைப் பார்த்த பிறகே வேறு எதையும் தொட வேண்டும். மாறாக 1000 செ.மீ⁻¹ பக்கம் மட்டும் சரிந்திருந்தால், அப்பர்ச்சர் அளவுக்கு மீறிக் குறுகியிருக்கிறது: 10 மைக்ரான் துளை வழியே 10 மைக்ரான் அலை நுழையும்போது, அதன் பெரும்பகுதி அப்ஜெக்டிவின் கைக்கு எட்டாமல் விரிந்து போய்விடுகிறது.

சிங்கிள் பீமில் 3250 செ.மீ⁻¹ அருகே அகன்ற பள்ளமொன்று நாளுக்கு நாள் ஆழமாகிவந்தால் அது மாதிரியின் நீர் அல்ல. டிடெக்டரின் குளிர்ந்த பரப்பில் படியும் பனிக்கட்டி. டிடெக்டரைச் சூழ்ந்த வெற்றிடக் குடுவை கசியத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது. நைட்ரஜன் முன்பைவிடச் சீக்கிரம் தீர்வதும், குடுவையின் வெளிச்சுவர் வியர்ப்பதும் கூடவே வரும். ஆய்வகத்தில் சரிசெய்யக்கூடியது அல்ல. குடுவையை மீண்டும் வெற்றிடமாக்க அனுப்ப வேண்டும்.

அறிகுறி: 1000 செ.மீ⁻¹-க்குக் கீழே வெறும் இரைச்சல்

சாளரத்தையும் டிடெக்டரையும் தவிர வேறு எங்கும் தேட வேண்டாம். கால்சியம் ஃப்ளோரைடு 1000-ஐ ஒட்டிக் கைவிடும். பேரியம் ஃப்ளோரைடு 800 வரை ஒளி விடும். குறுகிய பட்டை எம்.சி.டி. (பாதரச காட்மியம் டெல்லுரைடு) டிடெக்டர் 700-ஐ ஒட்டி நின்றுவிடும், அணி வடிவ டிடெக்டர்கள் 900-ஐ ஒட்டியே நின்றுவிடும். நுண்நெகிழித் துகள்களை அலுமினியம் ஆக்சைடு வடிதாளில் பிடித்து அளப்பவர்களுக்கு எல்லை இன்னும் மேலே, 1250 செ.மீ⁻¹-இலேயே வந்துவிடுகிறது; அதற்குக் கீழே நூலகத்தோடு ஒப்பிடச் சொன்னால் மென்பொருள் ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லத்தான் செய்யும். ஒப்பீட்டு வீச்சை அந்த இடத்தில் வெட்டிவிட வேண்டும். சிலிக்கன் வடிதாள் இதற்கு மாற்று. அதில் 1107 செ.மீ⁻¹-இல் சிலிக்கனுக்குள் இருக்கும் ஆக்சிஜனின் பட்டை வரும் என்பதை மட்டும் அறிந்திருந்தால் போதும்.

அறிகுறி: அடிக்கோடு அலை அலையாக ஆடுகிறது

இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே தோற்றம் என்பதால் இங்கே அவசரப்படக் கூடாது. அலைகள் அலைஎண் அச்சில் சம இடைவெளியில் ஒழுங்காக வந்தால், அவை படலத்தின் மேல் கீழ்ப் பரப்புகளுக்கிடையே ஒளி எதிரொளித்து உண்டாகும் குறுக்கீட்டு வரிகள். இடைவெளியே தடிமனைச் சொல்லிவிடும்: ஒளிவிலகல் எண் 1.5 உள்ள 20 மைக்ரான் படலத்துக்கு அடுத்தடுத்த முகடுகள் சுமார் 167 செ.மீ⁻¹ இடைவெளியில் விழும். உங்கள் படலத்தின் தடிமனோடு அந்தக் கணக்கு ஒத்துப்போனால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரு பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவது, படலத்தைச் சற்றே ஆப்பு வடிவில் வெட்டுவது, எண் துளை அதிகமான அப்ஜெக்டிவுக்கு மாறுவது ஆகிய மூன்றில் ஒன்று வேலை செய்யும். மூன்றாவது வழி பலனளிப்பதற்குக் காரணம், அகன்ற கூம்பாக வரும் ஒளியில் ஒவ்வொரு கோணமும் சற்றே வேறுபட்ட இடைவெளியை உண்டாக்குவதால் வரிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதே. வடிகட்டி நீக்கும் மென்பொருள் கட்டளையைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம். அது வரியோடு மெல்லிய பட்டைகளையும் விழுங்கும்.

4000-இலிருந்து 1000 வரை ஓரிரு பெரிய அலைகளே எழுந்து விழுந்து, அவற்றின் வடிவம் பிக்சலுக்குப் பிக்சல் மாறி, துகளின் ஓரங்களில் மிகக் கடுமையாக இருந்தால், அது மீ சிதறல். அலைநீளத்தை ஒத்த பருமனுள்ள கோளங்கள், அதாவது ஒற்றைச் செல்கள், மகரந்தம், நுண்நெகிழி மணிகள் ஆகியவை ஒளியை அப்ஜெக்டிவின் ஏற்புக் கூம்புக்கு வெளியே விலக்கிவிடுகின்றன. வந்து சேராத ஒளியை எல்லாம் கருவி உட்கவரப்பட்ட ஒளியாகவே எண்ணிக்கொள்கிறது. உட்கவர் பட்டைக்கு அருகே துகளின் ஒளிவிலகல் எண்ணும் வேகமாக மாறுவதால், சிதறலும் கூடவே மாறி, 1655 செ.மீ⁻¹ அருகே நிற்க வேண்டிய அமைடு முகடு சில பத்து அலைஎண்கள் கீழே இறங்கி, அதன் உயர் அலைஎண் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். இதைப் பார்த்துப் புரதத்தின் மடிப்பு மாறிவிட்டது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. நேர்கோட்டு அடிக்கோட்டுத் திருத்தம் முகட்டைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவராது. துகளை வைர அழுத்தக் கலத்தில் தட்டையாக்குவது, அல்லது ஒளிவிலகல் எண் நெருங்கிய ஊடகத்தில் அமிழ்த்துவது நேரடித் தீர்வு: திசு வெட்டுகளில் பாரஃபின் மெழுகை நீக்காமல் அளப்பதன் நன்மைகளில் இதுவும் ஒன்று, 2800 முதல் 3000 வரையிலான பகுதியையும் 1350 முதல் 1480 வரையிலான பகுதியையும் மெழுகுக்குத் தாரை வார்க்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் வழியில்லாதபோதுதான் மீ சிதறலுக்கென உருவாக்கப்பட்ட திருத்தக் கணக்கு முறைகளை நாட வேண்டும்.

அறிகுறி: முகடுகள் தட்டையாக வெட்டுப்பட்டிருக்கின்றன, பட்டைகளின் விகிதம் பொருந்தவில்லை

மாதிரி தடிமன் என்பது முதல் ஊகம். பாலிமர் வெட்டு 10 முதல் 20 மைக்ரானுக்குள்ளும் திசு வெட்டு 10 மைக்ரானுக்குள்ளும் இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் முகடு ஓர் உயரத்துக்கு மேல் ஏற மறுத்தால், மாதிரியைத் தொடாத ஒளி டிடெக்டரை அடைகிறது. கணக்கு இரக்கமற்றது: வந்து சேரும் ஒளியில் 5 சதவீதம் மாதிரியைச் சுற்றி வந்ததாக இருந்தால், உட்கவர் அளவு 1.3-ஐத் தாண்டவே முடியாது. 10 சதவீதம் என்றால் 1.0. இழைகளை அளக்கும்போது அப்பர்ச்சரின் விளிம்பு இழையின் உடலுக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும், இழையின் அகலத்துக்குச் சரியாக வைத்தாலும் போதாது.

மற்றொரு காரணம் டிடெக்டரே. எம்.சி.டி. மீது ஒளி அளவுக்கு மீறி விழுந்தால் அது நேர்விகிதத்தில் பதில் சொல்வதை நிறுத்திவிடுகிறது. மாதிரியில்லாத ஊடுருவல் பின்னணியில் இது மிகச் சாதாரணம். சிங்கிள் பீமில், டிடெக்டருக்கு உணர்வே இல்லாத பகுதியை, குறுகிய பட்டை எம்.சி.டி. என்றால் 500 செ.மீ⁻¹ அருகே, பெரிதாக்கிப் பாருங்கள்: அங்கே கோடு பூச்சியத்தில் கிடக்க வேண்டும். பூச்சியத்திலிருந்து விலகியிருந்தால் ஒளியைக் குறைக்கும் வலைத்திரையைப் பாதையில் இடுங்கள் அல்லது அப்பர்ச்சரைக் குறுக்குங்கள். மாதிரிக்கும் பின்னணிக்கும் அதே அமைப்பு இருக்க வேண்டும்.

உலோகம் பூசிய கண்ணாடித் தகட்டில் ஒளியை மாதிரி வழியே அனுப்பித் திரும்பப் பெறுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். உலோகப் பரப்பில் மின்புலம் ஏறத்தாழ பூச்சியமாகி, அதற்கு மேலே நிலை அலை உருவாகிறது. ஆகவே தடிமன் ஒரு மைக்ரான் மாறினாலே பட்டைகளின் விகிதம் வேதியியல் மாற்றம் ஏதுமின்றி மாறிவிடும். தடிமன் சீராக இல்லாத வெட்டுகளை அந்தத் தகட்டில் வைத்து ஒப்பிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அறிகுறி: பிரதிபலிப்பில் முகடுகள் வகைக்கெழு வடிவில், அதாவது ஒரு பக்கம் மேலும் மறுபக்கம் கீழுமாக, வருகின்றன

மாதிரியின் மேற்பரப்பிலிருந்து நேரடியாகத் திரும்பும் ஒளியில் ஒளிவிலகல் எண்ணின் ஏற்ற இறக்கமும் கலந்திருப்பதே காரணம். தடித்த, பளபளப்பான மாதிரியானால் கிராமர்ஸ்–குரோனிக் மாற்றம் அதை உட்கவர் நிறமாலையாக மீட்டுத் தரும். மேற்பரப்பு ஒளியோடு உள்ளே போய்த் திரும்பிய ஒளியும் கலந்திருந்தால் அந்த மாற்றம் செல்லாது.

அறிகுறி: ஒட்டுப் படத்தில் சதுரங்கக் கட்டம் தெரிகிறது

64 × 64 அல்லது 128 × 128 பிக்சல் அணி டிடெக்டரில் பெரிய பரப்பை ஓடு ஓடாக எடுத்து ஒட்டும்போது இது வரும். ஓடுகளின் எல்லையில் வெளிச்ச அளவு மட்டும் தாவுகிறதா, உருவங்களே விலகி நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வெளிச்சம் மட்டும் தாவினால், பின்னணியை வேறு உயரத்திலோ அழுக்குப் படிந்த இடத்திலோ எடுத்திருக்கிறீர்கள். மாதிரிக்கு அருகில் சுத்தமான இடத்தில், குவிய உயரத்தை அதற்கேற்பச் சரிசெய்து, புதிதாக எடுத்தால் கட்டங்கள் மறையும். உருவங்கள் படிப்படியாக விலகினால், ஸ்டேஜின் அச்சும் டிடெக்டரின் அச்சும் ஒரே திசையில் இல்லை, அல்லது பிக்சல் அளவின் அளவுத்திருத்தம் தவறு. எல்லா ஓடுகளிலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கறுப்புப் புள்ளி வந்தால் அது செத்த பிக்சல்.

நெடுநேர ஒட்டுப் படங்களில் 1400–1900, 3500–3900 பகுதிகளில் கூரிய ஊசிகள் ஓடுக்கு ஓடு வளர்ந்து தேய்ந்தால் அறைக் காற்றின் நீராவியும், 2350 அருகே இரட்டை முகடு ஆடினால் கார்பன் டைஆக்சைடும் காரணம். ஸ்டேஜைச் சுற்றிப் பெட்டி அமைத்து உலர்காற்று செலுத்தி, இடையிடையே பின்னணியைப் புதுப்பிக்க வேண்டும். பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பவரின் மூச்சே சில ஓடுகளைக் கெடுத்துவிடும்.

அறிகுறி: ஜெர்மானியம் முனை வைத்து அளக்கையில் எதிர்முகடுகள்

ஒளிவிலகல் எண் 4 உள்ள ஜெர்மானியம் முனையை மாதிரியில் பதித்து அளக்கும் ஏ.டி.ஆர். (தணிந்த முழு அக எதிரொளிப்பு) முறையில் பிரிதிறன் காற்றில் கிடைப்பதைவிட நான்கு மடங்கு கூடுகிறது; அதற்கு விலையாக, முனை தொடும் இடத்தின் முதல் மைக்ரானுக்குள் இருப்பது மட்டுமே பதிவாகிறது. எதிர்முகடு தெரிந்தால் பின்னணி எடுத்த வேளையில் முனையில் பழைய மாதிரி ஒட்டியிருந்தது என்று பொருள். அந்த எதிர்முகடுகளின் இடத்தைக் கொண்டே அது எந்த மாதிரி என்று சொல்லிவிடலாம். ஐசோபுரொப்பனால் தோய்த்த இழையற்ற துணியால் துடைத்து, முனையைக் காற்றில் வைத்து ஓர் அளவு எடுத்து, கோடு தட்டையாக வந்த பிறகே மீண்டும் பின்னணி எடுக்கவும். முகடுகள் நேர்த்திசையிலேயே வந்து, ஆனால் படத்தின் ஒரு பாதியில் மட்டும் வலுவிழந்திருந்தால், முனை சாய்வாகப் பதிந்திருக்கிறது. ஜெர்மானியம் கண்ணுறு ஒளியை விடாததால் முனை பதிந்தபின் மாதிரியை மேலிருந்து பார்த்துத் திருத்த வழியில்லை. முனையைத் தூக்கி, மாதிரியின் பரப்பு ஸ்டேஜுக்கு இணையாக இருக்கிறதா என்று மூன்று மூலைகளிலும் குவிய உயரத்தைக் குறித்துப் பார்த்துச் சரிசெய்து, அழுத்தத்தை ஒரு படி கூட்டி மறுபடி பதிக்க வேண்டும்.